பதினோரு வாரமாக எதுவும் உடையவில்லை

பதினோரு வாரமாகக் கோயம்புத்தூரில் எதுவும் உடையவில்லை. ஏன் என்று எனக்குப் புரியவில்லை.

அதற்கு முந்தைய ஆறு வருடங்களில் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து காந்திபுரம் பேருந்து நிலையத்தை ஏழு முறை இடித்திருக்கிறோம். பெரியகுளத்தின் கரையை மூன்று முறை உடைத்திருக்கிறோம். அவிநாசி சாலை மேம்பாலத்தை எண்ணுவதையே விட்டுவிட்டோம். எல்லாம் ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணியிலிருந்து ஆறு மணிக்குள். யாருக்கும் காயமில்லை, ஏனென்றால் அது சூப்பர்ஹீரோ ஆட்டம். கட்டமும் காயும் கிடையாது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு நாயகனாகவோ நாயகியாகவோ பேசி, முடிவெடுத்து, சண்டை போடுவார்கள். யார் ஜெயித்தது என்பதை அட்டைகள் சொல்லும்.

நடத்துபவன் நான். பெயர் தணிகைவேல். கோயம்புத்தூர் கணபதியில் ஒரு பம்ப் கம்பெனியின் சோதனைக் கூடத்தில் வேலை. மற்ற மூவரும் என்னோடு கல்லூரியில் படித்தவர்கள். சுகிர்தா நாகர்கோவில்காரி, இப்போது பெங்களூரில் ஒரு பள்ளியின் துணை முதல்வர். ஆட்டத்தில் அவள் புயற்குழலி, காற்றை ஆள்பவள். கீழக்கரை இர்ஃபான் தோஹாவில் ஒரு நிறுவனத்தின் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறான். ஆட்டத்தில் உப்பன், ஈரம் உள்ள இடத்திலெல்லாம் உப்பை விளைய வைப்பவன். பொன்னரசு ஓசூரில் ஒரு தொழிற்சாலைக்கு மேலாளர். ஆட்டத்தில் அதிர்வன், தொட்டதை நடுங்க வைப்பவன். ஊர் ஊராகப் பிரிந்த பிறகு, இந்த ஆறு வருடமாக, அவரவர் வீட்டு மேசையில் உட்கார்ந்து, திரையில் முகம் பார்த்து ஆடினோம்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் 'ஒரே வீச்சு'. மூவரும் தங்கள் சக்திகளை ஒரே தாக்குதலில் சேர்ப்பது. எதிரி ரெடிமிக்ஸ் ராட்சசன் என்று வைத்துக்கொள்ளுங்கள், உடம்பு முழுக்கக் கான்கிரீட். காற்றடித்தால் அவனுக்குச் சுகமாக இருக்கும். அதிர்வு கொடுத்தால் கிச்சுகிச்சு மூட்டியது போலச் சிரிப்பான். ஆனால் உப்பன் முதலில் அவன் உடம்பின் மயிரிழை வெடிப்புகளுக்குள் உப்பை விளைய வைக்கிறான். உப்பு வளர வளர வெடிப்பு அகலும். அதிர்வன் அந்த வெடிப்புகளைப் பிடித்து ஆட்டுகிறான். புயற்குழலி உள்ளே புகுந்து பெயர்த்து எறிகிறாள். தனியாக உதவாத மூன்று, சேர்ந்தால் ஒரு மலையையே சாய்க்கும்.

இதற்கு விதி எழுதுவதுதான் கஷ்டம். முதலில் மூவரின் எண்ணையும் சும்மா கூட்டிப் பார்த்தோம். எல்லோரும் எப்போதும் பத்து வைத்தார்கள், எப்போதும் ஜெயித்தார்கள், நான்கே வாரத்தில் சலித்துவிட்டது. அப்போதுதான் பம்ப்பிலிருந்து ஒரு விஷயத்தை எடுத்து வந்தேன். வேகமாக ஓடும் தண்ணீரைச் சட்டென்று நிறுத்தினால் அந்த வேகம் எங்கே போகும்? குழாயைத் திருப்பி அடிக்கும். வீட்டில் குழாயை வெடுக்கென்று மூடும்போது சுவருக்குள் 'டொங்' என்று கேட்குமே, அதுதான். தேவைக்கு மேல் போன சக்தி காணாமல் போவதில்லை, திரும்பி வருகிறது.

ஆகவே விதி இப்படி ஆயிற்று. எதிரியின் தாங்குசக்தியை முப்பதுக்குள் ஓர் எண்ணாக நான் ரகசியமாக எழுதி வைப்பேன். அவனை நான் வர்ணிப்பதை வைத்து மூவரும் அந்த எண்ணை ஊகிக்க வேண்டும். பிறகு ஒருவரோடொருவர் பேசாமல், ஆளுக்கு ஓர் அட்டையைக் கவிழ்த்து வைக்க வேண்டும், ஒன்றிலிருந்து பத்துக்குள். நான் "வீச்சு!" என்றதும் மூவரும் திருப்பிக் காட்ட வேண்டும். கூட்டுத்தொகை என் எண்ணைவிடக் குறைந்தால் தாக்குதல் வீண். கூடினால் எதிரி விழுவான், மிஞ்சிய சக்தி ஊர்மேல் விழும். சரியாக அதே எண் வந்தால் மட்டும்தான் எதிரியும் விழுவான், ஊரும் பிழைக்கும்.

எதிரியை ஊகிப்பதைவிட நண்பர்களை ஊகிப்பதுதான் இதில் பெரிய வேலை. சுகிர்தாவுக்குக் கோபம் வந்தால் பத்து. மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று இர்ஃபான் இரண்டு வைப்பான். பொன்னரசு காகிதத்தில் சராசரி போட்டுப் பார்த்து, மிகச் சரியாகத் தப்பு செய்வான்.

விதிப்புத்தகத்தில் எழுதாத ஒரு வழக்கமும் உண்டு. ஊர் உடைந்தால், பெரிய அட்டை வைத்தவர் எழுந்து நின்று, கைகூப்பி, நாயகக் குரலில் ஊரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். "ஊர் மக்களே, மன்னிச்சுக்கோங்க!" கல்லூரிக் காலத்தில் தொடங்கியது. ஒருமுறை ஒப்பணக்காரத் தெருவைத் தரைமட்டமாக்கிவிட்டு, சுகிர்தா ஒவ்வொரு கடையின் பெயரையும் சொல்லி மன்னிப்புக் கேட்டு முடிக்கப் பத்து நிமிடம் ஆனது. இர்ஃபான் சிரித்துச் சிரித்து நாற்காலியிலிருந்து விழுந்தான்.

நான் எதையும் குறித்து வைப்பவன். ஆறு வருட ஆட்டங்களின் ஒளிப்பதிவும், ஒவ்வொரு வீச்சின் எண்களும் எங்கள் பொதுக் கோப்புறையில் இருந்தன. அட்டைகள் திரும்பியதும் பதிவை நிறுத்திவிடுவேன். எனக்கு எண்தானே வேண்டும். அந்தக் குறிப்புகளின்படி, எண் சரியாகப் பொருந்துவது ஏழு வாரத்துக்கு ஒருமுறை.

இப்போது தொடர்ந்து பதினோரு வாரம் பொருந்தியிருந்தது. ஏழில் ஒன்று என்பது பதினோரு முறை வரிசையாக நடக்க வேண்டுமானால், இருநூறு கோடியில் ஒரு வாய்ப்பு.

மூவரும் குறுஞ்செய்தியில் பேசிக்கொள்கிறார்களோ என்று முதலில் நினைத்தேன். பேசினாலும் என் எண் எப்படித் தெரியும்? கேமராவுக்குத் தெரிகிறதோ என்று மேசையைத் திருப்பிப் போட்டேன். ஒரு வாரம் எண்ணை எழுதிச் சட்டைப் பையில் வைத்தேன். அடுத்த வாரம் டிபன் பாக்ஸுக்குள் வைத்து மூடி, சமையலறையில் விட்டுவிட்டு வந்தேன். இருபத்து மூன்று. மூவரும் திருப்பினார்கள். எட்டு, எட்டு, ஏழு.

"செமையா ஆடினோம்ல!" என்றான் பொன்னரசு.

நானும் சிரித்தேன். சொல்லப்போனால் அந்தப் பதினோரு வாரமும் நான் மிகவும் சந்தோஷமாக இருந்தேன். யாரும் தாமதமாக வரவில்லை. யாரும் பாதியில் எழுந்து போகவில்லை. நான் பம்ப் பற்றிப் பேச ஆரம்பித்தால், "போதும் வாத்தியாரே, ஆட்டத்துக்கு வா" என்று இர்ஃபான் வெட்டுவது வழக்கம். இப்போது அவனும் கேட்டுக்கொண்டிருந்தான், இருபது நிமிடமானாலும்.

பதினோராம் வாரத்தில் அவர்களிடம் அந்த விஷயத்தைச் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம். என் இதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடுவதில்லை. பம்ப் ஆட்களுக்கு ஒரே வரியில் சொல்வதானால், குழாயின் அடியில் இருக்கும் ஃபுட் வால்வு கசிகிறது: மோட்டார் ஓடும், ஆனால் ஏறிய தண்ணீர் திரும்ப இறங்கிவிடும். அன்றிலிருந்து பதினோராம் நாள், வியாழக்கிழமை, அறுவை சிகிச்சை. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடவும், பிறகு ஒரு வாரம் கூட இருக்கவும் ஓர் ஆள் வேண்டும். இல்லாவிட்டால் தேதியைத் தள்ளி வைப்பார்கள். தள்ளி வைக்க வேண்டாம் என்று மருத்துவர் இரண்டு தடவை சொன்னார். எனக்கு அப்பா அம்மா இல்லை. கல்யாணம் நான்கு வருடத்தில் முறிந்துவிட்டது. வால்வின் படத்தை வரைந்து, எந்தப் பக்கம் கசிகிறது என்று விளக்கினேன். மூவரும் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை.

"நான் வாரேன் மக்கா," என்றாள் சுகிர்தா. "வியாழக்கெழம காலைல ஆறு மணிக்கு அங்க இருப்பேன். நீ ஒண்ணும் யோசிக்காத. ஒரு வாரமும் நான் பாத்துக்கிடுதேன்."

அன்று நன்றாகத் தூங்கினேன்.

பன்னிரண்டாம் ஞாயிறு. அறுவைக்கு நான்கு நாள். புதிருக்கு ஒரு சோதனை யோசித்து வைத்திருந்தேன். எண்ணை நான் தேர்ந்தெடுக்கப் போவதில்லை, பத்து முகப் பகடைகள் மூன்றை உருட்டி வருவதை வைக்கப் போகிறேன். இரண்டு, நான்கு, ஐந்து. பதினொன்று.

"வீச்சு!"

ஆறு. ஆறு. ஏழு. ஏழு சுகிர்தாவுடையது, மூலையில் டீக்கறை படிந்த பழைய அட்டை. பத்தொன்பது! எட்டு மிச்சம்! எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. "போச்சு! டவுன்ஹால் மணிக்கூண்டு காலி!" என்று கத்திவிட்டு, வழக்கம்போலப் பதிவை நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன்.

யாரும் எழுந்திருக்கவில்லை.

"சுகிர்தா, ஊர்கிட்ட சொல்லு."

"என்ன சொல்லணும் மக்கா?"

"உனக்குத் தெரியாதா?"

"நீ சொல்லு, அதையே சொல்லுதேன்." அதே சிரிப்பு. இடது கன்னத்தில் விழும் அதே குழி.

"விடு மாப்ள, அடுத்த வாரம் பாத்துக்கலாம்," என்றான் இர்ஃபான். இருபத்தைந்து வருடமாக, ஊர் உடைந்தால் முதலில் மேசையைத் தட்டி "மன்னிப்பு! மன்னிப்பு!" என்று கத்துகிறவன்.

மூன்று முகங்களும் அன்பாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. மன்னிப்பு எந்தப் பதிவிலும் இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. பதிவை நிறுத்திய பிறகுதான் அது எப்போதும் நடக்கும்.

பதிலியைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும். எங்கள் கம்பெனியில் திங்கள்கிழமைக் கூட்டத்துக்கு முதலாளியின் பதிலிதான் வரும். அவர் முகம், அவர் குரல், அவர் இருமல். பழைய பதிவுகளைக் கொடுத்தால் அது ஆளைக் கற்றுக்கொள்கிறது. மூலையில் பச்சைப் புள்ளி இருந்தால் பதிலி, இல்லாவிட்டால் ஆள். எங்கள் மேசையில் பச்சைப் புள்ளி ஒருநாளும் தெரிந்ததில்லை.

"சுகிர்தா, வியாழக்கிழமை வர்றதான?"

"கண்டிப்பா வாரேன். காலைல ஆறு மணிக்கு அங்க இருப்பேன்."

போன வாரம் சொன்ன அதே குரல், அதே ஏற்ற இறக்கம். திரையை அணைத்துவிட்டு அவளுடைய கைபேசிக்கு அழைத்தேன். மூன்றாவது மணியில் எடுத்தாள். பின்னால் குக்கர் விசில் அடித்தது.

"எல, என்ன சீக்கிரமா கூப்பிடுத? ஆட்டம் முடிஞ்சிட்டா?"

இரண்டாவது விசிலும் அடித்து ஓய்ந்தது.

"நீதான சுகிர்தா ஆடிட்டிருந்த?" என்றேன்.

"தணிகை..."

"அந்த டீக்கறை அட்டை எங்க?"

"வீடு மாறும்போது அந்தக் கட்டே தொலைஞ்சு போச்சு." அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது. "எல, கேளு. மார்ச்ல பரீட்சை நேரம். ஒரு ஞாயித்துக்கெழம மட்டும்னுதான் பதிலியப் போட்டேன். நல்லாப் போச்சுன்னு தகவல் வந்துது. அடுத்த வாரமும் முடியல. அப்புறம்... மத்த ரெண்டு பேரும்தான் இருக்காங்களேன்னு நெனச்சேன். நான் ஒருத்தி இல்லாட்டி ஒனக்கு என்ன கொறஞ்சிரப்போவுதுன்னு."

"போன வாரம் நான் என்ன சொன்னேன்னு தெரியுமா உனக்கு?"

"ஒவ்வொரு வாரமும் சுருக்கம் அனுப்பும். நான் எல்லாத்தையும் வாசிக்கல... இரு." தேடினாள். பள்ளியில் சுற்றறிக்கை வாசிக்கும் குரலில், தடுமாறாமல் ஆரம்பித்தாள். "'வெற்றி. சேதம் இல்லை. தணிகை உடல்நலம் பற்றிப் பேசினார். ஆதரவாகப் பதிலளிக்கப்பட்டது.'" நிறுத்தினாள். "ஒடம்புக்கு என்ன?"

"வியாழக்கிழமை இதயத்துல ஆபரேஷன். நீ வர்றேன்னு சொன்ன. கையெழுத்துப் போட. ஒரு வாரம் கூட இருக்க. ஆஸ்பத்திரில உன் பேரத்தான் குடுத்திருக்கேன்."

பெரிய சத்தமாக எதுவோ கீழே விழுந்தது. அவள் திரும்பப் பேசும்போது குரல் மாறியிருந்தது.

"வாக்குக் குடுத்தா பதிலி அத நாட்காட்டில ஏத்திரும் தணிகை. ஆபீஸ் கூட்டத்துல எல்லாம் ஏத்தும். இந்த ஆட்டத்துக்கு மட்டும் நான்தான் அத நிறுத்தி வச்சேன். வெளையாட்டுல வாரத்துக்கு இருவது வாக்குக் குடுப்போம்லா. 'நாளைக்கு ராட்சசன முடிக்கேன், மேம்பாலத்தக் காப்பாத்துதேன்'னு. அம்புட்டும் என் நாட்காட்டில வந்து விழுந்துச்சு. அதான் வெளையாட்டுல குடுக்க வாக்கு எதையும் ஏத்தாதன்னு..."

"புரியுது," என்றேன். உண்மையில் புரிந்தது. ஒரு கருவி எப்படித் தவறுகிறது என்று புரியும்போது எனக்கு எப்போதும் ஒரு சின்னச் சந்தோஷம் வரும். அன்று வரவில்லை. "நான் அழுததுக்கு அந்தச் சுருக்கத்துல மார்க் போட்டிருக்கா? நல்லா அழுதேன் அன்னிக்கு."

அவள் அழ ஆரம்பித்தாள். நான் அழைப்பை முடித்தேன்.

பொன்னரசுவின் கைபேசியை அவன் பதிலியே எடுத்தது. "சொல்லு மச்சான், எப்படி இருக்க?" என்றது, நூறு சதவீதம் அவன் குரலில். "ஊர் மக்கள்கிட்ட மன்னிப்புக் கேளு" என்றேன். "எந்த ஊர்ல என்ன பிரச்சினை? சொன்னீங்கன்னா சரி பண்ணிடலாம்" என்றது. தொழிற்சாலைக் குரலுக்குத் தாவிவிட்டது. வைத்துவிட்டேன்.

அரை மணி நேரத்தில் இர்ஃபான் அழைத்தான். சுகிர்தா சொல்லியிருக்கிறாள்.

"மாப்ள, திட்டிரு. மொதல்ல நல்லாத் திட்டிரு."

"திட்டல. எப்படி வேலை செஞ்சுதுன்னு சொல்லு."

அவன் நீளமாக மூச்சுவிட்டான். "நீ இப்பவும் இதத்தான் கேப்பியா?"

"பதினோரு வாரமா அது மட்டும்தான் எனக்குத் தெரியல. பச்சைப் புள்ளி ஏன் இல்ல?"

"அலுவலகக் கூட்டத்துக்குத்தான் புள்ளி கட்டாயம். குடும்பம், விளையாட்டுன்னு போட்டா விருப்பம்போல அணைச்சுக்கலாம். நான் அணைச்சேன். அவங்களும் அணைச்சிருப்பாங்க."

"என் எண் எப்படித் தெரிஞ்சுது? டிபன் பாக்ஸுக்குள்ள வச்சேன்டா. இன்னைக்குப் பகடை உருட்டி வச்சப்பதான் தப்பாப் போச்சு."

"பொதுக் கோப்புறைதான் மாப்ள. பதிலிக்கு ஏதாவது பதிவு குடுக்கணும்ல, உன் கோப்புறையத்தான் குடுத்தேன். மூணு பேரும் அதையேதான் குடுத்திருக்கோம். அதுல நாங்க மட்டுமா இருக்கோம்? நீயும் இருக்க. முந்நூறு வாரம் நீ வச்ச எண் இருக்கு. அது கண்டுபிடிச்சு வச்சிருக்கிறத இப்பத்தான் பாத்தேன், நீ ஒருநாளும் இருபது வச்சதில்ல, தெரியுமா உனக்கு? சின்ன எண்ணுக்கு அடுத்த வாரம் பெரிய எண் வைப்ப. குரல் களைச்சிருந்தா பதினெட்டு, பத்தொம்பது. இன்னைக்கு நீ கையால எண் வச்சிருந்தா, பத்தொம்பதுதான் வச்சிருப்ப."

நான் நினைத்துப் பார்த்தேன். ஆமாம், பத்தொன்பதுதான் வைத்திருப்பேன்.

"சரி, என் எண் தெரியுது. அத மூணாப் பிரிக்கணுமே. பேசாம எப்படிப் பிரிச்சுது?"

"அங்க மூணு பேர் இல்ல மாப்ள." அவன் குரல் தாழ்ந்தது. "ஒரே கம்பெனி செஞ்ச பதிலிங்க ஒரே கூட்டத்துக்கு வந்தா, தனித்தனியா ஓடாது. ஒண்ணுதான் ஓடும். முகம் மட்டும் மூணு. தன் கையில இருக்கிறத தானே மூணாப் பிரிச்சு வச்சிருக்கு. நான் மட்டும்தான் பதிலி போட்டிருக்கேன், நீங்க மூணு பேரும் இருக்கீங்கன்னு நெனச்சேன். அவளும் அப்படித்தான் நெனச்சிருக்கா. பொன்னரசும்."

"யார் முதல்ல?"

"தெரியாது. கேக்காத."

ஆக, மூன்று முகம் போட்ட ஒரு கணிப்பின் முன்னால் நான் தனியாக உட்கார்ந்து வால்வின் படத்தை வரைந்துகொண்டிருந்திருக்கிறேன். அதற்குப் பாடம் எடுத்தவனும் நான்தான், ஆறு வருடம், தேதி போட்டு. சண்டை போட்டுப் பிரிந்து போயிருந்தால் தாங்கியிருப்பேன். இவர்கள் என்னை விட்டுப் போகவில்லை, என் ஞாயிற்றுக்கிழமைக்கு வேறொன்றை உட்கார வைத்துவிட்டு அவரவர் வேலையைப் பார்த்திருக்கிறார்கள். இதில் என்னை அதிகம் சுட்டது வேறு ஒன்று. அந்தப் பதினோரு வாரம்தான் நான் மிகச் சந்தோஷமாக இருந்த வாரங்கள். அதையும் சேர்த்துப் பறித்துக்கொண்டார்கள்.

திங்கள்கிழமை காலை கம்பெனி வாசலில் காவலாளி, "உங்களப் பாக்க ஒருத்தர் ஓசூர்ல இருந்து வந்திருக்காருங்" என்றார். பொன்னரசு. தூக்கமில்லாத கண். சோதனைக் கூடத்துக்குள் வந்ததும், ஓடிக்கொண்டிருந்த பம்ப்புகளுக்கு நடுவே நின்று கைகூப்பினான்.

"ஊர் மக்களே, மன்னிச்சுக்கோங்க!"

என்னோடு வேலை பார்ப்பவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"அது ஊர் உடைஞ்சாத்தான் பொன்னரசு."

கையை இறக்கினான். "வியாழக்கெழம நான் வர்றேன். கண்டிப்பா."

"சுகிர்தாவும் வர்றேன்னு செய்தி போட்டிருக்கா. இர்ஃபான் டிக்கெட் பாத்துட்டிருக்கான். மூணு பேரும் வர்றீங்க."

"அப்பறமென்ன? நல்லதுதான?"

"மூணு பேரும் வர்றீங்கன்னு மூணு பேருக்கும் தெரியும். தொழிற்சாலைல ஒரு அவசரம் வந்தா நீ என்ன நெனப்ப?"

அவன் கை தானாகக் கைபேசிக்குப் போனது.

"சுகிர்தாதான் இருக்காளேன்னு நெனப்ப. அவ பள்ளிக்கூடத்துல ஏதாவதுன்னா, பொன்னரசு இருக்கானேன்னு நெனப்பா. ஒரே வீச்சுல வர்ற அதே தப்பு. அட்டையக் கவுத்து வச்சுட்டு, அடுத்தவன் பெருசா வச்சிருப்பான்னு ஆளாளுக்கு ரெண்டு வைக்கிறது. ஆட்டத்துல ராட்சசன் தப்பிச்சான், அவ்வளவுதான். இங்க மேசைல படுத்திருக்கிறது நான்."

நான் அவனை இரண்டு பம்ப்புகள் இணைத்திருந்த மேடைக்கு அழைத்துப் போனேன். அவமானத்திலும் எனக்கு விளக்காமல் இருக்க முடியவில்லை.

"இத பாரு. ரெண்டு பம்ப்ப பக்கத்துல பக்கத்துல போட்டு ஒரே குழாய்ல சேத்தா, ரெட்டிப்புத் தண்ணி வரும்னு எல்லாரும் நெனப்பாங்க. ஒண்ணு தளர்ந்தா என்ன ஆகும் தெரியுமா? நல்ல பம்ப்போட தண்ணி தளர்ந்த பம்ப் வழியாத் திரும்பி ஓடும். வெளிய நின்னு பாத்தா ரெண்டும் ஓடுற மாதிரித்தான் தெரியும். அதுவே ஒண்ணு எறைச்சத அடுத்தது வாங்கி ஏத்துற மாதிரி வரிசையாப் போட்டா, எது நின்னாலும் அந்த எடத்துலயே தெரிஞ்சுடும். ஒளிஞ்சுக்க முடியாது."

"என்ன பண்ணணும்ங்கற?"

அவன் காரின் முன் பெட்டியில் அவனுடைய அட்டைக்கட்டு இருந்தது. மார்ச்சிலிருந்து திறக்காத கட்டு. அதிலிருந்து ஒரே ஓர் அட்டையை எடுத்தேன். பத்து.

அந்தக் காலத்தில் ஒற்றைத் தண்டவாளப் பாதைகளில் ரயில் ஓட்டுநருக்கு ஒரு வளையம் கொடுப்பார்கள். அது கையில் இல்லாமல் வண்டியை எடுக்கக் கூடாது. அடுத்த நிலையத்தில் அதைக் கைமாற்றிக் கொடுக்க வேண்டும். ஓட்டுநர் நல்லவரா, நிலைய அதிகாரி நினைவுள்ளவரா என்று யாரும் யோசிக்க வேண்டியதில்லை. வளையம் ஒன்றுதான், அது ஒரு சமயத்தில் ஒரு கையில்தான் இருக்க முடியும்.

வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு அந்த அட்டை பொன்னரசுவின் சட்டைப் பையில் இருந்தது. மருத்துவமனையில் பெயரை மாற்றிக் கொடுத்திருந்தேன்; கையெழுத்தை அவன் போட்டான். வெள்ளி மதியம் வரவேண்டிய சுகிர்தா ஐந்து மணி நேரம் தாமதம். அதற்குள் ஓசூரில் ஓர் இயந்திரம் நின்று, அவனுக்கு அழைப்பு மேல் அழைப்பு. அவன் எழுந்திருக்கவில்லை. தொழிற்சாலைக் கூட்டத்துக்குப் பதிலியை அனுப்பினான், பச்சைப் புள்ளியோடு. சுகிர்தா ஓடி வந்து கையை நீட்டினாள். அவன் அட்டையைக் கொடுத்துவிட்டுத்தான் கழிவறைக்கே போனான். ஞாயிற்றுக்கிழமை அவளிடமிருந்து இர்ஃபான் வாங்கிக்கொண்டான், விமான நிலையத்திலிருந்து நேராக, பெட்டியோடு.

இதை எழுதும் இப்போது அவன்தான் பக்கத்தில் இருக்கிறான். புதிய வால்வு மூடும்போது எனக்குள் மெல்லிய 'டிக்' சத்தம் கேட்கிறது. அதைப் பற்றி விளக்க ஆரம்பித்தேன். "போதும் வாத்தியாரே, தூங்கு" என்று வெட்டினான். கொஞ்ச நேரம் கழித்து, "ஞாயித்துக்கிழமை ஆட்டம் இனிமே உண்டா மாப்ள?" என்று கேட்டான். இருபத்தைந்து வருடமாக அவன் முகத்தைப் பார்த்தால் அவன் அங்கே இருக்கிறான் என்று நினைத்தேன். இப்போது முகத்தைப் பார்ப்பதில்லை. சட்டைப் பையைப் பார்க்கிறேன்.

விதி இதுதான். ஓர் அட்டை மட்டும். அது யார் கையில் இருக்கிறதோ அவர் என் கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலியில் இருக்க வேண்டும். அடுத்தவர் நேரில் வந்து கையில் வாங்கிய பிறகே எழுந்திருக்கலாம். இதில் யாரும் யாரையும் நம்ப வேண்டியதில்லை. ஆறு நாளாக வேலை செய்கிறது.